ஜாபிரை எழுப்பிய நோன்புப் பகல்

“வெளிச்சம் தெரிஞ்சது எண்டு நான் சொல்லுறன்! என்ர ரெண்டு கண்ணாலயும் பார்த்தனான்!”

“தெரியல்லண்டு நான் செல்றேன்! எங்கட ஜன்னல்ல கறுத்தக் கடதாசி ஒட்டி ஈக்கி. வந்து தடவிப் பாருங்கொ!”

“கடதாசி ஒட்டினாக் காணுமே? அதைக் கிழிச்சுப்போட்டு விளக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? நானோ?”

“பூனையா ஈக்கும்.”

“பூனை விளக்குப் பிடிக்குமோ, தங்கச்சி?”

குறுகலான ஒழுங்கைத் தெருவில் யாரோ சிரித்தார்கள். பல் விளக்கிக்கொண்டு நின்றவர்கள் வாயில் கிடந்ததைத் துப்ப மறந்து நின்றார்கள். கொட்டாஞ்சேனைப் பலாமரத்து ஒழுங்கையில் சனிக்கிழமைக் காலைக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

கேற்றடியில் நின்று கத்தியவர் சிவபாதசுந்தரம். சுங்கத்தில் கிளாக்கர், ராத்திரியில் விமானத் தாக்குதல் காவலுக்கு வார்டன். அரசாங்கம் அவருக்கு ஓர் இரும்புத் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்திருந்தது. தொப்பியைக் குளிக்கும்போது கழற்றுவார் என்றுதான் அவருடைய பெண்சாதி நேசம் சொல்வாள், அதிலும் அவளுக்கு முழு நிச்சயம் இல்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பதில் கொடுத்தவள் ஹமீமா. புறக்கோட்டையில் குடைக்கடை வைத்திருக்கும் மஹ்ரூபின் பெண்சாதி. வெளி ஆம்பிளைகளுக்கு முகம் காட்டாதவள். அதனால் அவளுடைய சத்தம் மட்டும் அவளுக்கும் சேர்த்து ஒழுங்கை முழுவதும் போய் வந்துகொண்டிருந்தது.

“இஞ்ச பாருங்கோ தங்கச்சி,” என்று வார்டன் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும். “துறைமுகம் கூப்பிடு தூரத்தில கிடக்குது. ஏப்ரல்ல குண்டு விழுந்தது உங்களுக்கு மறந்துபோச்சோ? இன்னொரு ராத்திரி அந்த வெளிச்சத்தைக் கண்டனெண்டால் நான் மேல எழுதத்தான் வேணும். பொலிஸ் வரும். பிறகு உங்கட தம்பியைக் கொண்டுபோறது ஸ்ரேசனுக்கோ அங்கொடைக்கோ எண்டு எனக்குத் தெரியாது.”

திரை அசைவதை நிறுத்தியது.

புத்தி தவறியவர்களை வைத்துப் பார்க்கும் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்த ஊர் அங்கொடை. ஒழுங்கைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்யப் பாவிக்கும் சொல் அது. போய்ச் சுகமாகித் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஹமீமா கனவில் கண்டதெல்லாம் ஒரு வண்டியையும் அதன் பின்கதவையும்தான். அந்தக் கதவு சாத்தும் சத்தத்தில் அவள் விழித்துக்கொள்வாள். விழித்தால் அது கனவு இல்லை, தம்பி வாசல் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்க்கும் சத்தம்.

ஜாபிர் அவளுக்கு ஒரே தம்பி. உம்மா மௌத்தானபின் தாயில்லாப் பிள்ளையாக அவள் மடியில் வளர்ந்தவன். கோட்டையில் ஒரு மாணிக்கக் கடையில் நின்று, கப்பலில் வந்திறங்கும் துரைமாருக்குக் கல் விற்றவன். நீலக்கல்லை விரலிடுக்கில் பிடித்து அவன் வெளிச்சத்தில் திருப்பினால் துரைசானிமார் கல்லைப் பார்ப்பதா அவனைப் பார்ப்பதா என்று திணறுவார்கள் என்று பெருமையாகச் சொன்ன ஒழுங்கைதான், அவன் ஒருநாள் கடையின் கதவை உள்ளே இருந்து பூட்டிக்கொண்டு சுவருக்குள் ஆட்கள் கதைக்கிறார்கள் என்று சொன்னபோது, அப்போதே எங்களுக்குத் தெரியும் என்றது. பெரியாஸ்பத்திரி டொக்டர் வருத்தத்துக்கு இங்கிலீஸில் ஒரு பெயர் சொன்னார். முழங்கணக்கில் நீளமான பெயர். ட்ராமில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மஹ்ரூபுக்கு அதில் பாதி தொலைந்துபோயிற்று. ஆகவே ஒழுங்கை தானே பெயர் வைத்தது. பின்வளவு வீட்டுப் பைறோஸா மாமி, உச்சிப்பொழுதில் கடற்கரையில் நடந்ததால் ஜின் பிடித்தது என்றாள். நேசம், அளவுக்கு மிஞ்சி இங்கிலீஸ் பேப்பர் வாசித்ததால் என்றாள். வேறு சிலர் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையைக் கற்பனை பண்ணி, அவளுக்குத் தொப்பியும் போட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

வருத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவனுடைய நித்திரைதான் அந்த வீட்டை அரித்தது.

பகலெல்லாம் கிடப்பான். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னால் கண் திறக்கும். பகலில் ட்ராம், ரொட்டி விற்கும் பாண்காரன், காகம், பைறோஸா மாமி எல்லாரும் சத்தம் போடுவதால் அவன் காதில் கேட்கும் குரல்கள் அதற்குள் கரைந்துபோகும். ராத்திரியில் அந்தக் குரல்கள் மட்டும்தான். நீ கண்ணை மூடு, நாங்கள் உள்ளே வந்து இந்த வீட்டில் ஒரு ஆளைக் கொண்டுபோகிறோம் என்று அவை சொல்லும். அதனால் அவன் மூடமாட்டான். வாசலில் இருந்து குசினிக்கும், குசினியில் இருந்து வாசலுக்கும் நடப்பான். பிறகு விளக்கை ஏற்றிக்கொண்டு, படுத்திருப்பவர்களின் முகத்துக்கு நேரே பிடித்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பான்.

முதல் தடவை ஹமீமா கண் விழித்தபோது ஒரு சாண் தூரத்தில் அந்த முகம் இருந்தது. தாடி, சிவந்த கண், வாயோரத்தில் ஏதோ முணுமுணுப்பு. அவள் அலறினாள். அலறியதும் அவனும் அலறினான், அவர்கள் வந்துவிட்டார்கள் என்று. விடியும் வரை அடங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அலறியதில்லை. விளக்கு வரும்போது கண்ணை இறுக்காமல் மூடிக்கொண்டு, அவனுக்குக் கேட்கும்படி மூச்சை இழுத்து விடுவாள். நித்திரை கொள்வதுபோல நடிக்க ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும் என்பதை ஒழுங்கையில் வேறு யாரும் கற்றிருக்கமாட்டார்கள். அவளுடைய பயத்தில் பெரும்பங்கு அவனுக்காக. மிச்சமிருந்த கொஞ்சம் அவனைக் கண்டு. அந்தக் கொஞ்சத்தைப் பற்றி அவள் புருஷனிடம்கூடக் கதைத்ததில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. ஓதின தண்ணீர் கொடுத்தார்கள். இஸ்மு எழுதித் தாயத்தாகக் கட்டினார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவைத்தார்கள். ஒருநாள் பொறுமை கெட்டு மஹ்ரூப் அவனுடைய அறையை வெளியே பூட்டிவிட்டார். அவன் நெற்றியால் கதவை இடித்தான். திறந்தபோது கதவு ரத்தமாக இருந்தது. மஹ்ரூப் அந்தப் பூட்டின் திறப்பைக் கொண்டுபோய்க் கால்வாயில் எறிந்துவிட்டு வந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன. ஏப்ரலில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது ஒழுங்கை முழுவதும் கட்டிலுக்குக் கீழே கிடந்து நடுங்கியது. ஜாபிர் மட்டும் முற்றத்தில் நின்று, “நான் செல்லல்லியா?” என்று கேட்டான். ஹமீமாவுக்குக் குண்டுச் சத்தத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிய பயமாக இருந்தது. பாதி ஒழுங்கை ஊருக்கு ஓடிப்போய், அங்கே கதைக்க ஆளில்லாமல் சலித்து, சில மாதத்தில் திரும்பி வந்தது.

சந்தியில் இருந்த டிஸ்பென்சரியின் அப்போதிக்கரி ஐயா ஒரு மருந்து கலந்து கொடுத்திருந்தார். மண்ணிறம், உப்பும் கசப்பும். போத்தலின் பக்கத்தில் படிக்கட்டுப்போல வெட்டிய கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டியிருப்பார். ஒரு வேளைக்கு ஒரு படி. காலை, மத்தியானம், இரவு. அதைக் குடிக்கத் தொடங்கியபின் ராத்திரியில் கொஞ்சமாவது அவன் கண் மூடினான். வீடும் கண் மூடியது.

அந்த நேரத்தில்தான் நோன்பு வந்தது.

வருத்தக்காரனுக்கு நோன்பு கடமை இல்லை என்று பள்ளி லெப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஜாபிர் ஒத்துக்கொள்ளவில்லை. “நோம்பு புடிக்காட்டி அவங்க சிரிக்கிறாங்க, தாத்தா,” என்றான். அவர்கள் வீட்டுப் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. அவனைத் தடுத்திருக்கலாம். ஆனால் ஹமீமாவுக்கும் ஓர் ஆசை. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மஹ்ரூபோடு ராவில் தறாவீஹ் தொழப் பள்ளிக்குப் போகும் தம்பியை ஒரு மாதமாவது ஒழுங்கை மனுசனாகப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். மகள் றமீலாவுக்கு வத்தளைப் பக்கத்தில் ஒரு கலியாணக் கதை வேறு வந்துகொண்டிருந்தது.

ஆகவே பகல் மருந்துகள் ராவுக்கு மாறின. நோன்பு திறக்கும்போது ஒரு படி, தறாவீஹ் முடிந்து வந்ததும் மஹ்ரூப் கையால் ஒரு படி, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒரு படி. அப்போதிக்கரி ஐயாவை யாரும் கேட்கவில்லை. கிறிஸ்தவ வேதக்காரருக்கு நோன்பு நேரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு. பலன், சஹர் மருந்தின் மயக்கத்தில் ஜாபிர் பகல் முழுக்கப் பிணம்போலக் கிடந்தான். ராத்திரியில் வீடு சஹர் வரைக்கும் கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில் அவன் புது ஆளாக எழும்பி நடந்தான். கடதாசியைக் கிழித்து ஜன்னலால் வெளியே பார்த்தான். விளக்கைத் தூக்கிப் பிடித்தான். வார்டன் கண்டார்.

அன்று பின்னேரம் கடையில் இருந்து வந்த மஹ்ரூபிடம் ஒழுங்கை எல்லாவற்றையும் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லிவிட்டது.

“இனி ஏலா, புள்ள,” என்றார் அவர். “இன்னொருக்கா வார்டன் கேற்றுக்கு வந்தா, பெருநாள் முடிய நானே அங்கொடைக்கிக் கூட்டிட்டுப் போறேன். நான் கெட்டவன் இல்ல. எனக்கும் நித்திர இல்ல. நேத்து ஒரு குடைய விரிச்சுக் காட்டிக்கிட்டே நிண்டவாக்கில தூங்கிட்டேன்.”

ஹமீமா முந்தானையைச் செருகிக்கொண்டாள். குசினிக்குள் போனாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த போத்தலை எடுத்தாள். ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி அவன் கிடந்தால் போதும். வார்டனின் கோபம் ஆறிவிடும், மஹ்ரூபின் மனசும் ஆறிவிடும். மூன்று படியையும் ஒரே கோப்பையில் ஊற்றினாள். சீனியும் போட்டாள்.

பாங்கு கேட்டது. ஈத்தம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ஜாபிர் கோப்பையை வாங்கினான்.

“கூடக் கசக்குது, தாத்தா.”

“புது மருந்து, மகன். ஒரே முடக்கில குடிச்சிடுங்கொ.”

நோன்பு வாயால் ஒரு பொய். அது அவளுக்கே நெஞ்சில் உறைத்தது. ஆனால் மஹ்ரூபிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாததால் மஹ்ரூப் தறாவீஹ் முடிந்து வந்ததும் வழக்கம்போலத் தன் பங்கை ஊற்றினார். காலையில் ஒழுங்கைக்கு முன்னால் பட்ட வெட்கம் அவருடைய கையிலும் இருந்தது. போத்தல் கொஞ்சம் கூடவே சரிந்தது. அவரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அன்றிரவு வீட்டில் காலடிச் சத்தம் இல்லை. ஹமீமா மல்லாந்து கிடந்து அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வராத சத்தத்தைக் கேட்டுக்கேட்டே எப்போது தூங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. சஹருக்கு ஊரை எழுப்பும் பக்கீர் பாவா றபான் மேளம் அடித்துக்கொண்டு வந்தபோதுதான் திடுக்கிட்டு எழும்பினாள்.

“மாமா எழும்புறார் இல்ல, உம்மா,” என்றாள் றமீலா.

“தூங்கட்டும், தூங்கட்டும்,” என்றார் மஹ்ரூப். அவர் முகத்தில் பெருநாள் தெரிந்தது. சஹர் சோற்றை முடித்து, சுபஹ் தொழுதுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் சரக்குப் பிரிக்க முதல் ட்ராமில் கடைக்குப் போய்விட்டார்.

வெளிச்சம் வந்த பிறகுதான் ஹமீமா அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். மணலில் தோணி இழுப்பதுபோல ஒரு குறட்டை. இழுத்தது, நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு மறுபடி இழுத்தது. அவள் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. கை தூக்கினால் தூக்கிய கை, விட்டால் விழுந்த கை. கன்னத்தில் தட்டினாள். அறைந்தாள். அவனை வாழ்நாளில் அவள் அறைந்தது அதுதான் முதல் தடவை. அவன் புருவம்கூடச் சுருங்கவில்லை.

ஓடிப்போய்ப் போத்தலைப் பார்த்தாள். அவள் வைத்த இடத்தைவிட மருந்து இறங்கியிருந்தது. மஹ்ரூபின் கை ஞாபகம் வந்தது.

டொக்டரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள். பொலிஸ் வரும். பிழைத்தால் அந்தக் கட்டிலில் இருந்து நேரே அங்கொடை. கூப்பிடாமல் விட்டால்? அவள் அந்தக் குறட்டையைக் கேட்டாள். அது நின்றது. எதற்காக இத்தனை நாள் பயந்தாளோ அதுவும், இன்றைக்குப் பயப்படுவதும் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தன. குறட்டை மறுபடி வந்தது.

பைறோஸா மாமிக்கு மூக்கு நீளம், அது பின்சுவருக்கு மேலால் வரும். “நேத்து ராவு ஊடு அப்பிடி அமைதி! எனத்த செஞ்ச, மகள்? எங்களுக்கும் செல்லித் தாவேன்,” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், கட்டிலைக் கண்டதும் நின்றாள். குனிந்து அவனுடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பு முழி மேலே போயிருந்தது.

“மகள்,” என்றாள் மெதுவாக. “இது நித்திர இல்ல.”

றமீலா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். வாயில் ஊற்றக் குனிந்தாள். பைறோஸா மாமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பைத்தியமா ஒனக்கு? நோம்பாளிட வாயில தண்ணி ஊத்துறயா?”

“மாமா சஹர் செய்யல்லியே, மாமி!”

“சஹர் செய்யாட்டி எனத்த? நேத்து தறாவீஹ்ல, நாளைக்கு நோம்பு புடிப்பேண்டு சத்தமா நிய்யத்து வெச்சாராமே. நோம்பு நோம்புதான். அவர்ட நோம்ப முறிக்க நீ யாரு? லெப்பையக் கேக்காம ஒரு சொட்டும் ஊத்தாத.”

“மையத்தாப் போனா லெப்பை வந்து எனத்தச் செய்ற?” என்று றமீலா அழுதாள்.

“அல்லாஹ் பாதுகாக்கணும்! வாயில என்ன வருது பாரு. பொம்புளப் புள்ள இப்பிடியா கதைக்கிற?”

பக்கத்து வளவில் இருந்து இரண்டு பேர் வந்து அந்த விவாதத்தில் சேர்ந்துகொண்டார்கள். கதவு மறைவில் நின்று அவர்கள் தூங்குகிறவனுடைய நோன்பைப் பற்றியும், மறதியாகக் குடித்தவனுடைய நோன்பைப் பற்றியும், காலஞ்சென்ற ஒரு மாமனார் நோன்போடு போன சிறப்பைப் பற்றியும் கதைத்தார்கள். ஹமீமா எதையும் கேட்கவில்லை. அவள் கட்டிலோரம் முழங்காலில் இருந்து, தன் முகத்தை அவனுடைய முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. நின்றது. அவள் காத்திருந்தாள். வரவில்லை. மாமனாரின் ஜனாஸாவுக்கு எத்தனை ஊரார் வந்தார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

பிறகு வந்தது.

ஹமீமா எழும்பினாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் திரையைத் தள்ளினாள். திரைக்கு அப்பால் அவள் பகலில் ஒருநாளும் தனியாகக் கால் வைக்காத படியில் இறங்கி, ஒழுங்கையில் ஓடினாள். அப்போது முந்தானை அவள் தலையில் இருந்ததா இல்லையா என்ற விஷயத்தில் பலாமரத்து ஒழுங்கை இன்று வரை இரண்டு கட்சி.

“வார்டன் ஐயா!”

சிவபாதசுந்தரம் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்தார்.

“என்ட தம்பி எழும்புறானில்ல, ஐயா. நான்தான் மருந்தக் கூடக் குடுத்தேன். வெளிச்சத்துக்குப் பயந்து குடுத்தேன். நீங்க எழுதுறண்டா எழுதுங்கொ, பொலிஸக் கூப்பிடுறண்டா கூப்பிடுங்கொ. அவன் மௌத்தாப் போறான்!”

முழு ஒழுங்கைக்கும் கேட்டது. வார்டனுடைய வாய் திறந்தது. எழுதுவேன், எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதருக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் எழுத்தே மறந்துபோனதுபோல ஒரு நிலை. அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். இரும்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். விசிலை ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்பகலில், வானத்தில் ஒரு பருந்துகூட இல்லாத நேரத்தில், ஒழுங்கை முழுவதும் நிலத்தில் விழுந்தது. நேசம் கறிச்சட்டியோடு மேசைக்குக் கீழே போனாள். பதுங்குகுழிக்குள் குதித்தவர்களுக்கு இடுப்பளவு மழைத்தண்ணீர். “பிளேன் இல்லை! பிளேன் இல்லை!” என்று கத்திக்கொண்டு வார்டன் மேலும் கீழும் ஓடினார். “எழும்பி வாங்கோ எல்லாரும்! ஆள் வேணும்! ஒருத்தன் லெப்பையிட்ட ஓடு! நான் அப்போதிக்கரியிட்டப் போறன்!”

லெப்பை வாசலிலேயே நின்று பெண்கள் பக்கம் முகம் திருப்பாமல் சத்தம் போட்டார். “வருத்தக்காரனுக்கு நோம்பு இல்லண்டு நோம்புக்கு முந்தியே செல்லிட்டேனே! முதல்ல உசிரக் காப்பாத்துங்கொ, மத்ததப் பொறகு கதைப்பம்!” றமீலா செம்பைத் தூக்கினாள். அதற்குள் மாதா கோயில் பூசையில் இருந்து அப்படியே இழுத்து வரப்பட்ட அப்போதிக்கரி ஐயா, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக உள்ளே வந்து செம்பைத் தட்டிவிட்டார்.

“மயங்கிக் கிடக்கிற ஆளின்ட வாயில தண்ணி ஊத்தினா அது நெஞ்சுக்குள்ள போகும். இதுவரைக்கும் ஊத்தாம விட்டது நல்ல காலம்.”

பைறோஸா மாமி சுற்றிவரப் பார்த்தாள். ஜாபிரின் உயிரைக் காப்பாற்றியது தான்தான் என்று அன்றைக்குத் தொடங்கி அவள் சொல்லாத கலியாண வீடு கிடையாது.

அப்போதிக்கரி ஐயா போத்தலைப் பார்த்தார், ஹமீமாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஜாபிரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைத்தார். காரநெடி அடிக்கும் குப்பி ஒன்றை மூக்கடியில் பிடித்தார். ஈரத் துவாயால் உள்ளங்காலில் அடித்தார். அடி, குப்பி, அடி. ஹமீமா ஒவ்வொரு அடிக்கும் தன் காலை இழுத்துக்கொண்டாள். எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு ஜாபிர் முனகினான்.

“இனித்தான் வேலை,” என்றார் அவர். “தூக்கி நிப்பாட்டுங்க. தொண்டை விழுங்கத் தொடங்கினதும் கடும் கோப்பி குடுங்க. நடத்துங்க. என்ன வந்தாலும் நித்திரை கொள்ள விடவேண்டாம்.”

அன்று மத்தியான வெயிலில் பலாமரத்து ஒழுங்கை கண்ட காட்சியை ஒழுங்கையே நம்பவில்லை. ஒரு கையை வார்டன் பிடித்தார், மறு கையை லெப்பை பிடித்தார். அவர்கள் களைத்ததும் பாண்காரனும் மஹ்ரூபின் கடைப்பையன்களும் மாறினார்கள். இந்த மனுசன் ஒருநாள் தூங்கமாட்டானா என்று இரண்டு வருஷமாகப் புலம்பிய அதே சனம் இரண்டு பக்கமும் நின்று, “ஜாபிர், கண்ணைத் திற! ஜாபிர், தூங்காதே!” என்று தொண்டை கிழியக் கத்தியது. சின்னப் பிள்ளைகள் தகரம் தட்டினார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த மஹ்ரூப் யார் முகத்தையும் பார்க்காமல், “நானும் ஊத்தினேன், நானும் ஊத்தினேன்,” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஹமீமா பின்னால் போனாள். அவனுடைய முழங்கால் மடியும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய நெஞ்சு ஒரு அடி கீழே விழுந்தது. இந்தத் தடவை நிமிரமாட்டான் என்று நினைப்பாள். நிமிர்வான். மறுபடி மடியும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அவன் கண் ஒரு இடத்தில் நின்றது. நாக்குக் குழறியது.

“தாத்தா எங்க? தாத்தாக்கு மூச்சு ஈக்கா?”

“ஈக்கி மகன்,” என்றாள் அவள், நடுத்தெருவில். “ஈக்கி.”

நோன்பு திறந்த பிறகு வார்டன் முன்விறாந்தையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நுரை காய்ந்து பாதித் தாடியாக இருந்தது. ஹமீமா திரைக்குப் பின்னால் போய்விட்டாள், ஆனால் அவளுடைய நடுக்கம் திரையில் தெரிந்தது.

“ஐயா, எழுதுறதா?” என்று கேட்டாள்.

அவர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். கதிரையில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஜாபிரிடம் திரும்பினார். “உம்மைத்தான் கேக்கிறன். என்னத்துக்கு ராத்திரியில விளக்கைப் பிடிக்கிறீர்?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டார்கள், அவ்வளவுதான்.

“நான் படுத்தா காவலுக்கு ஆரு?” என்றான் ஜாபிர்.

சிவபாதசுந்தரத்தின் முகம் சிவந்தது. “அப்ப நான் என்னத்துக்கு இருக்கிறன்? இந்தத் தொப்பி என்னத்துக்கு? கவர்மென்ட் எனக்குத் தந்த வேலையை நீர் எப்பிடிச் செய்வீர்?” அவருக்கு உண்மையாகவே ரோசம் வந்துவிட்டது. “இண்டையில இருந்து நான் உம்மட ஜன்னலடிக்கு வந்து டியூட்டி எடுத்துப் போட்டன் எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகு நீர் எழும்பி நிண்டால் அது எனக்கு அவமரியாதை. விளங்குதோ?”

ஜாபிர் அந்தத் தொப்பியைப் பார்த்தான். “விசிலும் கொண்டாருவீங்களா?”

“கொண்டருவன்.”

அப்படித்தான் அது தொடங்கியது. ராச்சோற்றுக்குப் பிறகு வார்டன் ஜன்னலடியில் நின்று, “ஜாபிர், நான் வந்திட்டன். நீர் போய்ப் படும்,” என்பார். உள்ளே இருந்து, “சரி ஐயா,” என்று வரும். நோன்பை ஜாபிர் விட்டுவிட்டான். மருந்து இராச்சோற்றுக்குப் பிறகு மட்டும், அதுவும் அப்போதிக்கரி ஐயா சொன்ன அளவு. போத்தல் ஹமீமாவின் அலுமாரிக்குள் பூட்டில். காலையில் பாண்காரன் கூவும்போது அவனை எழுப்பிவிட வேண்டும், எவ்வளவு திட்டினாலும். பகலில் படுக்கையைச் சுருட்டிக் கட்டிலைச் சுவரோடு சாத்திவிடுவாள். மஹ்ரூப் கடைக்குக் கூட்டிப்போய்க் குடைக்கம்பிகளைத் தரம் பிரிக்க வைத்தார். குரல்கள் போகவில்லை. சில ராத்திரிகளில் அவை வார்டனையும் மீறின, அப்போது காலடிச் சத்தம் கேட்கும். ஆனால் பெரும்பாலான ராத்திரிகளில் கேட்கவில்லை.

நித்திரை போனது ஹமீமாவுக்கு. வீடு அமைதியாக இருந்தால் அவள் எழும்பிவிடுவாள். இருட்டில் தடவிக்கொண்டு தம்பியின் அறை வாசலுக்குப் போய், காதைக் கொடுத்து நிற்பாள். மூச்சு வரும். அடுத்தது வரும் வரைக்கும் நிற்பாள். அதற்கு அப்போதிக்கரி ஐயாவிடம் மருந்து கேட்கலாமே என்று றமீலா சொன்னாள். மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. பிறகு யாரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. தொப்பியையும் விசிலையும் அரசாங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது. சிவபாதசுந்தரம் வெறுந்தலையோடும் சில காலம் ஜன்னலடிக்கு வந்துகொண்டிருந்தார். பிறகு வெள்ளவத்தையில் வீடு கிடைத்து, நேசம் ஒரேயடியாகப் பெட்டி கட்டிவிட்டாள். அந்த வேலையை மஹ்ரூப் எடுத்துப் பார்த்தார். “மச்சான் வார்டன் இல்லியே,” என்று ஜாபிர் நியாயமாகவே சொல்லிவிட்டு, மறுபடி ராத்திரியில் நடக்கத் தொடங்கினான். அந்த வருஷக் கடைசி மாதங்களை ஹமீமா எப்படிக் கடந்தாள் என்று ஒழுங்கைக்கே முழுதாகத் தெரியாது. அடுத்த வீட்டுக் கதையை அறிவதில் ஒழுங்கை அவ்வளவுக்குத் தோற்றுப்போன சந்தர்ப்பம் வேறு இல்லை.

றமீலாவை வத்தளை ஷிப்லி கலியாணம் முடித்தான். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வந்து குடியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் உம்மா வந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். ஜாபிரின் அறை வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். கலியாணம் முடிந்த மாதமே ஹமீமா வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டாள். மஹ்ரூப் கடை பூட்டியதும் அங்கே போய்ச் சேருவார். பைறோஸா மாமியை மகன் நுகேகொடைக்குக் கூட்டிப்போனான். அங்கே பின்சுவர்கள் உயரம் என்று கேள்வி.

முகத்துவாரத்தில் அக்கம்பக்கமெல்லாம் மீன்பிடிக்காரர். ஆம்பிளைகள் இருட்டோடு கடலுக்குப் போவார்கள். பெண்கள் விளக்கை ஏற்றிக்கொண்டு கரையில் காத்திருப்பார்கள். ராத்திரியில் விழித்துக்கொண்டு விளக்கோடு நடக்கும் ஒரு மனிதனை அங்கே யாரும் கேற்றடிக்கு வந்து விசாரிக்கவில்லை. ஹமீமா அந்தச் சனத்தோடு அதிகம் கதைக்கவில்லை. கதவில் திரை மட்டும் போட்டாள். அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.